வீதக் கணக்கில் மணியும் நிமிடமும் செக்கனும்: முழுமையான வழிகாட்டி

290 கி.மீ. தூரத்தை 9 மணித்தியாலம் 40 நிமிடத்தில் ஓடி முடித்த புகையிரதத்தின் சராசரிக் கதி என்ன? கொழும்பிலிருந்து பதுளை வரையான பாதை ஏறத்தாழ அவ்வளவு நீளம்தான். நேரத்தை மட்டும் கணக்குக்காக நாமே வைத்துக்கொண்டோம். சரியான விடை மணிக்கு 30 கி.மீ. ஆனால் விடைத்தாள்களில் இப்படியான வினாவுக்கு 30.85 என்ற மாதிரி ஒரு விடை அடிக்கடி எட்டிப் பார்க்கும். அதை எழுதிய பிள்ளைக்குத் தூரத்தை நேரத்தால் வகுக்கத் தெரியும். வகுத்தலும் சரி. வகுத்த எண்தான் பிழை: 9.4. நாற்பது நிமிடம் ஒரு மணித்தியாலத்தின் மூன்றில் இரண்டு பங்கு, பத்தில் நான்கு பங்கு அல்ல.

நேர அட்டவணையில் 9.40 என்று புள்ளி வைத்து எழுதுவது நம் வழக்கம். அந்தப் புள்ளி தசமப் புள்ளி அல்ல. கிராம் ஆயிரம் சேர்ந்தால் கிலோ, மில்லிலீற்றர் ஆயிரம் சேர்ந்தால் லீற்றர் என்று மற்ற அளவுகள் எல்லாம் பத்தின் அடுக்கில் ஏற, நேரம் மட்டும் 60, 60, 24 என்று ஏறுகிறது. வீதக் கணக்கில் இழக்கும் பரீட்சைப் புள்ளிகளில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்தில்தான் போகிறது. ஆகவே இந்த வழிகாட்டியும் சூத்திரங்களில் அதிகம் நிற்காமல் நேர அலகைக் கையாள்வதிலேயே நிற்கிறது.

படி 1: விடையின் அலகை முதலில் எழுதுங்கள்

வினாவின் கடைசி வரியை முதலில் வாசியுங்கள். "நிமிடத்துக்கு எத்தனை லீற்றர்?", "எத்தனை செக்கன் எடுக்கும்?", "மணிக்கு எத்தனை கிலோமீற்றர்?" எதைக் கேட்டிருக்கிறார்களோ அந்த அலகைத் தாளின் ஓரத்தில் எழுதி ஒரு கட்டம் போடுங்கள். எண்களைத் தொடுவதற்கு முன்னரே இதைச் செய்ய வேண்டும். கணித்து முடித்த பிறகு அலகைத் தேடினால், வந்த எண்ணுக்கு ஏற்ற அலகை ஒட்டிவிடும் ஆசை வரும்.

படி 2: எவ்வளவு நேரம் என்பதைக் கண்டுபிடியுங்கள்

சில வினாக்கள் நேரத்தின் அளவைத் தருவதில்லை. புறப்பட்ட மணியையும் சேர்ந்த மணியையும் மட்டுமே தரும். காலை 5.55க்குப் புறப்பட்டுப் பிற்பகல் 3.35க்குச் சேர்கிறது என்று வைப்போம். 15.35இலிருந்து 5.55ஐச் சாதாரண எண்ணைப் போலக் கழித்தால் 9.80 வரும். எண்பது நிமிடம் என்று ஒன்று மணிக்கூட்டில் கிடையாது. அதைப் பார்த்தவுடனேயே கை நின்றுவிட வேண்டும்.

கழிப்பதைவிட ஏறிப்போவது எளிது. 5.55இலிருந்து 6.00 வரை 5 நிமிடம். 6.00இலிருந்து 15.00 வரை 9 மணித்தியாலம். அங்கிருந்து 15.35 வரை 35 நிமிடம். கூட்டினால் 9 மணித்தியாலம் 40 நிமிடம். நள்ளிரவைத் தாண்டும் பயணத்துக்கும் இதே வழிதான்: இரவு 10.45 முதல் 12 வரை ஒரு துண்டு, 12 முதல் காலை 5.20 வரை இன்னொரு துண்டு. 1 மணி 15 நிமிடத்தோடு 5 மணி 20 நிமிடத்தைக் கூட்டினால் 6 மணித்தியாலம் 35 நிமிடம்.

படி 3: நேரத்தை ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள்

"9 மணித்தியாலம் 40 நிமிடம்" என்பதில் இரண்டு அலகுகள் இருக்கின்றன. இரண்டையும் வைத்துக்கொண்டு பெருக்கவும் முடியாது, வகுக்கவும் முடியாது. நிமிடத்தை 60ஆல் வகுத்துப் பின்னமாக்குங்கள். 40/60 = 2/3. ஆக நேரம் 9 2/3, அதாவது 29/3 மணித்தியாலம். 290ஐ 29/3ஆல் வகுப்பது 290 × 3/29, விடை 30. கையால் கணிக்கும்போது பின்னம் இவ்வளவு அழகாக வெட்டுப்படும். 9.67 என்று தசமத்தில் எழுதினால் நீண்ட வகுத்தலும் செய்ய வேண்டும், கடைசியில் 29.99 என்று ஒரு விடையும் வரும்.

அடிக்கடி வரும் சில: 5 நிமிடம் 1/12, 10 நிமிடம் 1/6, 12 நிமிடம் 1/5, 15 நிமிடம் 1/4, 20 நிமிடம் 1/3, 24 நிமிடம் 2/5, 36 நிமிடம் 3/5, 40 நிமிடம் 2/3, 45 நிமிடம் 3/4, 50 நிமிடம் 5/6. மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பத்துக் கணக்குச் செய்தால் தானாகவே பதிந்துவிடும். தசமம்தான் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 6 நிமிடம் 0.1 மணித்தியாலம். எனவே 12 நிமிடம் 0.2, 18 நிமிடம் 0.3, 42 நிமிடம் 0.7. திரும்பி வரும்போது தசமப் பகுதியை மட்டும் 60ஆல் பெருக்க வேண்டும். 3.35 மணித்தியாலம் என்பது 3 மணி 21 நிமிடம், ஏனெனில் 0.35 × 60 = 21.

படி 4: அலகையும் சேர்த்து எழுதி, அலகையே வெட்டுங்கள்

தோட்டத்து லயத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் கொட்டும் பீலியில் 20 லீற்றர் வாளி நிரம்ப 50 செக்கன் ஆகிறது. மணிக்கு எத்தனை லீற்றர் வருகிறது? 1000 லீற்றர் தாங்கி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்?

வீதத்தை முதலில் தந்தபடியே எழுதுங்கள்: 20 லீற்றர் / 50 செக்கன். கேட்டது மணிக்கு. பகுதியில் (பின்னத்தின் கீழே) இருக்கும் செக்கன் போக வேண்டும், அந்த இடத்துக்கு மணித்தியாலம் வர வேண்டும். 60 செக்கனும் 1 நிமிடமும் ஒன்றே என்பதால் (60 செக்கன் / 1 நிமிடம்) என்ற பின்னத்தின் பெறுமானம் 1. அதனால் பெருக்கினால் வீதம் மாறாது, அலகு மட்டும் மாறும்.

(20 லீற்றர் / 50 செக்கன்) × (60 செக்கன் / 1 நிமிடம்) × (60 நிமிடம் / 1 மணித்தியாலம்)

செக்கனும் செக்கனும் வெட்டுப்படும், நிமிடமும் நிமிடமும் வெட்டுப்படும், மிஞ்சுவது லீற்றர் / மணித்தியாலம். எண்கள்: 20 × 60 × 60 ÷ 50 = 1440. விடை மணிக்கு 1440 லீற்றர்.

பின்னத்தைத் தலைகீழாக, (1 நிமிடம் / 60 செக்கன்) என்று போட்டிருந்தால் செக்கன் வெட்டுப்படாமல் பகுதியில் இரண்டு தடவை நிற்கும். பிழையை அலகே காட்டிக் கொடுத்துவிடும். "பெருக்குவதா, வகுப்பதா" என்று யோசித்துக் குழம்புவதற்கு இங்கே இடமே இல்லை. இந்த முறையில் எழுத்து கொஞ்சம் கூடும். இருந்தாலும் வேறு எந்தக் குறுக்கு வழியையும்விட இதையே பழகச் சொல்லுவோம்.

இனித் தாங்கி. நிமிடக் கணக்கில் வீதம் 24 லீற்றர். 1000 ÷ 24 = 41 2/3 நிமிடம். மூன்றில் இரண்டு நிமிடம் 40 செக்கன் என்பதால் விடை 41 நிமிடம் 40 செக்கன். 41.67 நிமிடத்தைப் பார்த்து "41 நிமிடம் 67 செக்கன்" என்று எழுதுவதும் முதலில் பார்த்த 9.4 பிழையும் ஒன்றேதான். அங்கே போகும்போது சறுக்கினார்கள், இங்கே வரும்போது சறுக்குகிறார்கள்.

படி 5: எண் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று பாருங்கள்

2 மணித்தியாலத்தை நிமிடமாக்கினால் 120. எண் பெருத்தது. மணிக்கு 1440 லீற்றரை நிமிடத்துக்கு மாற்றினால் 24. எண் சிறுத்தது. இரண்டிலும் மணியை நிமிடமாக்கினோம். ஒன்றில் பெருக்கினோம், மற்றதில் வகுத்தோம். "மணியை நிமிடமாக்க 60ஆல் பெருக்கு" என்று மட்டும் பாடமாக்கிய பிள்ளை வீதத்தையும் 60ஆல் பெருக்கி, நிமிடத்துக்கு 86,400 லீற்றர் என்று எழுதிவிடும். அப்படிப் பாய்ந்தால் அது பீலி அல்ல, ஆறு.

காரணம் எளியது. வீதத்தில் நேரம் பகுதியில் நிற்கிறது. ஒரு மணித்தியாலத்தில் வருவதைவிட ஒரு நிமிடத்தில் குறைவாகத்தான் வரும். ஆகவே வீதத்தில் நேர அலகு சிறுத்தால் எண்ணும் சிறுக்கும், அலகு பெருத்தால் எண்ணும் பெருக்கும். விடை எழுதியதும் இதை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அடுத்த வினாவுக்குப் போக வேண்டும்.

கதியில் இரண்டு அலகும் மாறும்போது

மணிக்கு கிலோமீற்றரைச் செக்கனுக்கு மீற்றராக்கும்போது மேலேயும் கீழேயும் மாற்றம். மேலே 1000ஆல் பெருக்க வேண்டும், கீழே 3600. 1000/3600ஐச் சுருக்கினால் 5/18. பலர் 5/18 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போக 5/18, எந்தப் பக்கம் போக 18/5 என்பதை மறந்துவிடுகிறார்கள். அதற்கு ஒரு நங்கூரம் போதும்: மணிக்கு 36 கி.மீ. = செக்கனுக்கு 10 மீற்றர். கி.மீ./மணி எண்தான் எப்போதும் பெரியது.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 91 மீற்றர் நீளம். 109 மீற்றர் நீளமான புகையிரதம் ஒன்று மணிக்கு 18 கி.மீ. கதியில் அதை முழுமையாகக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? முன்பெட்டி பாலத்தில் ஏறியதிலிருந்து கடைசிப் பெட்டி இறங்கும் வரை ஓட வேண்டிய தூரம் 91 + 109 = 200 மீற்றர். கதி 18 × 5/18 = செக்கனுக்கு 5 மீற்றர். நேரம் 200 ÷ 5 = 40 செக்கன். புகையிரதத்தின் நீளத்தைச் சேர்க்க மறந்தால் 18 செக்கன் சொச்சம் வரும். அலகு மாற்றாமல் 200ஐ 18ஆல் வகுத்தால் 11 சொச்சம் வரும். அந்தப் பதினொன்று செக்கனும் அல்ல, நிமிடமும் அல்ல, ஒன்றுமே அல்ல.

ஏற்றமும் இறக்கமும் உள்ள ஊரில் சராசரிக் கதியும் ஆளை ஏமாற்றும். 15 கி.மீ. ஏற்றத்தில் பேருந்துக்கு 45 நிமிடம், அதே 15 கி.மீ. இறக்கத்தில் 30 நிமிடம். ஏறும் கதி மணிக்கு 20, இறங்கும் கதி மணிக்கு 30. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 25 என்று எழுதக் கூடாது. மொத்தத் தூரம் 30 கி.மீ., மொத்த நேரம் 75 நிமிடம், அதாவது 5/4 மணித்தியாலம். 30 × 4/5 = மணிக்கு 24 கி.மீ. மெதுவாக ஓடிய நேரம் கூட என்பதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது.

ஒரு நாள் எத்தனை மணித்தியாலம்?

வேலைக் கணக்கில் இந்தக் கேள்விக்கு விடை 24 அல்ல. ஒரு மலையில் கான் (வடிகால்) வெட்ட 10 பேர் நாளுக்கு 8 மணித்தியாலம் வீதம் 6 நாட்கள் வேலை செய்தார்கள். அதே அளவு வேலையை 12 பேர் நாளுக்கு 5 மணித்தியாலம் வீதம் செய்தால் எத்தனை நாள்?

வேலையின் அளவு 10 × 8 × 6 = 480 ஆள்-மணித்தியாலம். 12 பேர் ஒரு நாளில் 12 × 5 = 60 ஆள்-மணித்தியாலம் செய்வார்கள். 480 ÷ 60 = 8 நாட்கள். "நாளை மணியாக்க 24ஆல் பெருக்கு" என்று இங்கே பெருக்கினால் இரவிலும் கான் வெட்டியதாகிவிடும். வினா வேலை நாளின் நீளத்தைத் தந்திருந்தால் அதுதான் மாற்றுக் காரணி. எதுவும் தராமல், இரண்டு பக்கமும் நாள் ஒரே நீளம் என்றால் மணியாக மாற்றவே வேண்டாம், ஆள்-நாளிலேயே முடித்துவிடலாம்.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் கணக்கு இதன் இன்னொரு வடிவம். ஒருவர் 18 கிலோவை 6 மணித்தியாலத்திலும் இன்னொருவர் அதே 18 கிலோவை 4 மணி 30 நிமிடத்திலும் பறிக்கிறார்கள். இருவரும் சேர்ந்து 24.5 கிலோ பறிக்க எவ்வளவு நேரம்? நேரங்களைக் கூட்டாதீர்கள், வீதங்களைக் கூட்டுங்கள். முதலாமவர் மணிக்கு 3 கிலோ. இரண்டாமவர் 18 ÷ 9/2 = மணிக்கு 4 கிலோ. சேர்ந்து 7. 24.5 ÷ 7 = 3.5 மணித்தியாலம், அதாவது 3 மணி 30 நிமிடம். 3 மணி 50 நிமிடம் அல்ல என்பதை இனிமேல் சொல்லத் தேவையிருக்காது. பறித்துக்கொண்டே இருக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறோம். நிறுவைக்கும் சாப்பாட்டுக்கும் போகும் நேரத்தை வினா சொன்னால் தனியாகக் கூட்ட வேண்டும்.

எண் ஒன்று, நேரம் வேறு: மழை

மண்சரிவு எச்சரிக்கைகளில் 75 மி.மீ. என்ற எண் இரண்டு இடத்தில் வரும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மட்டங்களில் 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. மழை முதலாவது எச்சரிக்கை. ஒரே மணித்தியாலத்தில் 75 மி.மீ., அல்லது 24 மணித்தியாலத்தில் 150 மி.மீ., வெளியேற வேண்டிய மட்டம். முதலாவது வீதத்தை மணிக்கு மாற்றினால் 75 ÷ 24 = 3.125 மி.மீ. தான்; மற்றது 75. எண் ஒன்றாக இருந்தும் வீதம் 24 மடங்கு வேறு. "எழுபத்தைந்து பெய்திருக்கிறது" என்று யாராவது சொன்னால், "எத்தனை மணித்தியாலத்தில்?" என்று கேட்காமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

மழைமானியில் 40 நிமிடத்தில் 30 மி.மீ. சேர்ந்திருந்தால் வீதம் 30 ÷ 2/3 = மணிக்கு 45 மி.மீ. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. மணிக்கு 45 என்பது அந்த 40 நிமிடத்தின் வீதம். ஒரு மணித்தியாலம் முழுக்க 45 மி.மீ. பெய்தது என்றோ, பெய்யும் என்றோ அது சொல்லவில்லை. வினாவில் "இதே வீதத்தில் தொடர்ந்தால்" என்ற சொற்கள் இருந்தால் மட்டும் நீட்டிக் கணியுங்கள். (நிஜத்தில், வீட்டுச் சுவரிலோ மேட்டிலோ வெடிப்பைக் கண்டால் மழைமானியைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் வெளியேற வேண்டும்.)

அதே மழை 40 சதுர மீற்றர் கூரையில் விழுந்தால்? 1 சதுர மீற்றரில் 1 மி.மீ. மழை என்பது 1 லீற்றர் நீர். மணிக்கு 45 × 40 = 1800 லீற்றர், நிமிடத்துக்கு 30 லீற்றர். ஒரு சொட்டும் வீணாகாமல் பீலித்தகட்டில் சேர்ந்தால் 210 லீற்றர் பீப்பாய் 7 நிமிடத்தில் நிரம்பும்.

பெருக்க வேண்டிய நேரம்: மின் அலகு

மின்பட்டியலில் வரும் "அலகு" என்பது கிலோவாற்று-மணித்தியாலம். கிலோவாற்று ஏற்கெனவே ஒரு வீதம்: மின்சாரம் எவ்வளவு வேகமாகச் செலவாகிறது என்பது. அதை நேரத்தால் பெருக்கித்தான் அலகு வருகிறது. 1500 வாற்று மின் கேத்தலை 6 நிமிடம் போட்டால் 1.5 × 0.1 = 0.15 அலகு. நாளுக்கு மூன்று தடவை, 30 நாட்கள் என்றால் 13.5 அலகு. 1.5ஐ 6ஆல் பெருக்கி 9 அலகு என்று எழுதினால், ஒரு தேநீருக்கு வைத்த சுடுநீரிலேயே பட்டியல் எகிறிவிடும்.

பயிற்சி

1. குழாயில் 15 லீற்றர் நிரம்ப 36 செக்கன். மணிக்கு எத்தனை லீற்றர்?

2. 15 பேர் நாளுக்கு 8 மணித்தியாலம் வீதம் 7 நாளில் முடித்த வேலையை 14 பேர் நாளுக்கு 6 மணித்தியாலம் வீதம் எத்தனை நாளில் முடிப்பார்கள்?

3. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை கிடைக்கும் என்று கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 4 கிலோ தேயிலை வெளிவிடும் உலர்த்தி, 3600 கிலோ கொழுந்திலிருந்து வரும் தேயிலை முழுவதையும் வெளிவிட எவ்வளவு நேரம் ஆகும்?

4. 15 கி.மீ. இடைவெளியிலுள்ள இரண்டு ஊர்களிலிருந்து காலை 8.10க்கு இரண்டு பேருந்துகள் எதிரெதிராகப் புறப்படுகின்றன. ஒன்று மணிக்கு 24 கி.மீ., மற்றது மணிக்கு 36 கி.மீ. எத்தனை மணிக்குச் சந்திக்கும்? (பயிற்சிப் புத்தகங்களில் இந்த வினா புகையிரதத்தை வைத்தே வரும். மலையகப் பாதையில் ஒற்றைத் தண்டவாளம், ஆகவே பேருந்து.)

5. 500 மில்லிலீற்றர் சேலைனை 4 மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும். 1 மில்லிலீற்றருக்கு 20 துளி என்றால் நிமிடத்துக்கு எத்தனை துளி?

விடைகள்: (1) 15 × 3600 ÷ 36 = மணிக்கு 1500 லீற்றர். (2) 840 ÷ 84 = 10 நாட்கள். (3) 800 கிலோ தேயிலை, 200 நிமிடம், அதாவது 3 மணித்தியாலம் 20 நிமிடம். (4) நெருங்கும் கதி மணிக்கு 60 கி.மீ., அதாவது நிமிடத்துக்கு 1 கி.மீ.; 15 நிமிடத்தில், 8.25க்கு. (5) 10,000 துளி ÷ 240 நிமிடம் = 41.67, துளியைப் பாதியாக எண்ண முடியாது என்பதால் 42.